பாபின் லேஸ்: முதல் 30 சென்டிமீட்டர்

பாபின் லேஸைத் தேடிப்போய்க் கண்டடைந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அது எதிரே வந்து நிற்கிறது. குரோஷா பின்னத் தெரிந்த ஒருவர், பழைய பீடத்துணியின் ஓரத்தையோ ஞானஸ்நான உடுப்பின் கழுத்தையோ உற்றுப் பார்க்கிறார். இதில் கொக்கி ஊசி போட்ட முடிச்சு எங்கேயும் இல்லையே என்று தோன்றுகிறது. நூல்கள் நெய்த மாதிரியும் இருக்கின்றன, சடை பின்னிய மாதிரியும் இருக்கின்றன. அந்தச் சந்தேகம்தான் வாசல். வேறு சிலர் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்திலோ, தென்னிலங்கையின் காலி, வெலிகம கரையோரத்திலோ, தலையணைமேல் குண்டூசிகளைக் குத்திக்கொண்டு, பாபின் எனப்படும் நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும் பெண்களைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் ஓசையைக் காணொளியில் கேட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

குமரி மாவட்டத்துக்காரர்கள் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, 1820களின் தொடக்கத்தில் அங்கே லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, தலையணையும் பாபின்களும் தேரிக்காட்டுக்குப் போயின. கால்டுவெல் என்றதும் நமக்குத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நினைவுக்கு வருகிறது. அதே வீட்டிலிருந்து ஒரு கைத்தொழிலும் வெளியே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முளகுமூடு கன்னியர் மடமும் லேஸுக்கும் பூவேலைக்கும் பேர்பெற்றது.

அந்தக் காலத்துப் பெண்கள் இதற்கு வந்தது கூலிக்காக. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி இருந்தது. லேஸ் விற்ற காசைச் சேர்த்து அடிமைநிலையிலிருந்த பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. தோள்சீலைக்காகப் போராட்டம் நடந்த அதே மண், அதே ஆண்டுகள். நூலுக்கு இதைவிடப் பெரிய விலை கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இன்று கூலியைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் வலைப்பின்னலைச் செய்தது. பின்னால் ஜெர்மனியின் பார்மென் நகரத்துப் பெயரில் வந்த இயந்திரம், கைப்பின்னலின் குறுக்கு, முறுக்கு என்ற இரண்டு அசைவுகளையும் அப்படியே செய்கிறது. சில எளிய லேஸ்களில் கைவேலை எது, இயந்திர வேலை எது என்று பழகிய கண்ணே தடுமாறும். ஆகவே, இயந்திரத்தால் முடியாது என்பதால் இதைச் செய்கிறோம் என்பதும் பொய். பிறகு, தொடங்கியவர்களில் சிலர் ஏன் இதில் நிலைத்து நிற்கிறார்கள்?

பொறுமை வேண்டும், பொறுமைசாலிகள்தான் நிற்பார்கள் என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விட்டுப்போகிறவர்கள் பொறுமை இல்லாமல் போவதில்லை. நூலின் பருமன், ஊசிப் புள்ளிகள் குறித்த மாதிரித் தாளுக்குப் பொருந்தாமல் போயிருக்கும், பாபின் நழுவி நழுவி அவிழ்ந்திருக்கும், அல்லது முதல் நாளே 30 ஜோடி பாபின் கேட்கும் பூ மாதிரியைத் தொட்டிருப்பார்கள். மூன்றுமே தவிர்க்கக்கூடியவை. 7 ஜோடியில் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையைச் சரியாகப் பின்னி முடித்தவர் அநேகமாக விடுவதில்லை. அந்தப் பட்டையை எப்படிச் செய்வது, எங்கே கெடும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நூல். தையல் இயந்திரத்துப் பாலியஸ்டர் நூல் வேண்டாம். அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தலையணைமேல் அழகாக இருக்கும் பட்டை, ஊசிகளை எடுத்ததும் சுருண்டுகொள்ளும். நல்ல முறுக்குள்ள பருத்தி நூல் வேண்டும். குரோஷா நூலில் மெல்லியது போதும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் 40ஆம் எண்ணும் ஒவ்வொரு பருமன். ஒரு பென்சிலில் நூலை ஒன்றையொன்று தொடும்படி, ஆனால் நெருக்கி அழுத்தாமல், 1 செ.மீ. அகலத்துக்குச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 20 சுற்று வந்தால் நூலின் பருமன் அரை மில்லிமீட்டர்.

இந்த எண்ணிக்கையிலிருந்து மாதிரி பிறக்கிறது. நெசவுத் தையலில் இரண்டு நூலுக்கு இடையே ஏறக்குறைய ஒரு நூல் பருமன் இடைவெளி இருந்தால் துணி கெட்டியாகவும் இருக்காது, தொளதொளவென்றும் இருக்காது. நம் பட்டையில் குறுக்கே போய்வரும் ஊடை 1 ஜோடி, நீளவாக்கில் இறங்கும் பாவு 6 ஜோடி. பாவில் 12 நூல். 12 நூலை ஒட்டிவைத்தால் 6 மி.மீ., இடைவெளியோடு 12 மி.மீ. அதுதான் பட்டையின் அகலம். ஊடை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்த் திரும்பும்போது 4 நூல் விழுகிறது. 4 நூலும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்தால் 4 மி.மீ. ஆக, ஒரே ஓரத்தில் ஊசிக்கு ஊசி 4 மி.மீ. தூரம். எதிர் ஓரத்து ஊசிகள் 2 மி.மீ. தள்ளி, இரண்டுக்கும் நடுவே வரும். பள்ளிக்கூட கிராஃப் தாளில் 12 மி.மீ. விலகலில் இரண்டு கோடு போட்டு இந்தப் புள்ளிகளை வைத்தால் மாதிரி தயார். உங்கள் நூல் 1 செ.மீ.க்கு 25 சுற்று என்றால் எல்லா அளவையும் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நூல் பொருந்தாத மாதிரியில் எத்தனை கவனமாகப் பின்னினாலும் பலன் இல்லை. பருமனான நூல் நெருங்கி அட்டை மாதிரி விறைக்கும், மெல்லிய நூல் ஊசியை எடுத்ததும் நகர்ந்து ஓட்டை விழும்.

தாளைக் கனமான அட்டைமேல் ஒட்டி, புள்ளிகளை ஊசியால் முன்கூட்டியே குத்திக்கொள்ள வேண்டும். ஊசி நேர் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்து குத்திய துளை பின்னும்போது குண்டூசியையும் சாய்க்கும், ஓரம் பல்வரிசை தப்பிப்போகும். வெள்ளை நூலுக்கு வெள்ளை அட்டை கண்ணை வருத்தும். நீலமோ பச்சையோ நல்லது.

தலையணை என்று பெயர்தான், மெத்தென்று இருக்கக் கூடாது. மரத்தூளோ நறுக்கிய வைக்கோலோ இறுக்கித் திணித்தது, விரலால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்கு. வீட்டில் தொடங்குகிறவர் 5 செ.மீ. தடிமனான அடர்ந்த ஃபோம் பலகையை வழவழப்பான பருத்தித் துணியால் மூடிக்கொண்டால் போதும். டர்க்கி டவல் மாதிரி இழை எழும்பும் துணி கூடாது, பாபின் சிக்கும். குண்டூசி பித்தளையாகவோ நிக்கல் பூச்சு உள்ளதாகவோ இருக்கட்டும். நாகர்கோவில், சென்னை மாதிரி கடற்காற்று ஊர்களில் இரும்பு ஊசியைத் தலையணையில் விட்டுவைத்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துருக்கறை விழும். அது துவைத்தாலும் போகாது.

பாபின் கிடைக்காவிட்டால் 8 மி.மீ. பருமனுள்ள வட்டக் குச்சியை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, தலையிலிருந்து 1 செ.மீ. கீழே சுற்றிலும் ஒரு பள்ளம் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். 7 ஜோடிக்கு 14 குச்சி. ஒரு ஜோடிக்கு ஒரே நூல்தான். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு பாபினில் சுற்றினால் தொடக்கத்தில் முடிச்சு வராது. 30 செ.மீ. பட்டைக்குப் பாவு ஜோடி ஒவ்வொன்றுக்கும் 1.5 மீட்டர் நூல், அதாவது பாபினுக்கு 75 செ.மீ. ஊடை ஜோடிக்கு 6 மீட்டர். ஊடை ஒவ்வொரு 4 மி.மீ.க்கும் 24 மி.மீ. நடக்கிறது. அதனால்தான் இந்த வித்தியாசம். இதை அறியாமல் எல்லாவற்றிலும் ஒரே அளவு சுற்றிவிட்டு நடுவழியில் ஊடை தீர்ந்து நிற்பது மிகப் பொதுவான தவறு.

சுற்றி முடித்ததும் பாபின் தலையில் நூலை ஒரு சுருக்கு போட்டு இறுக்க வேண்டும். பாபினைத் தூக்கினால் தொங்க வேண்டும், லேசாக உருட்டினால் நூல் இறங்க வேண்டும். தானாக அவிழ்ந்தால் சுருக்கு எதிர்த்திசையில் விழுந்திருக்கும், அல்லது பள்ளம் நிரம்பி வழியும் அளவுக்கு நூலைச் சுற்றியிருப்பீர்கள். சுருக்கு இரண்டாகப் போட்டால் வழவழப்பான நூலும் நிற்கும்.

மேலே ஒரு வரிசையில் தற்காலிக ஊசிகள் குத்தி 6 பாவு ஜோடிகளையும் 2 மி.மீ. இடைவெளியில் தொங்கவிடுங்கள். இடது ஓரத்து முதல் புள்ளியில் ஊடை ஜோடி. பின்னும்போது எப்போதும் 4 பாபின்தான் கையில், இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. எண் இடத்துக்குத்தான், பாபினுக்கு அல்ல. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். குறுக்கு என்றால் 2ஐ 3இன் மேலாக வலப்பக்கம் போடுவது. முறுக்கு என்றால் 2ஐ 1இன் மேலாகவும், 4ஐ 3இன் மேலாகவும் இடப்பக்கம் போடுவது. இந்தக் கலையில் கைக்கு வேறு அசைவு கிடையாது. இடத்திலிருந்து வலம் போனாலும் வலத்திலிருந்து இடம் வந்தாலும் இதேதான்.

குறுக்கு, முறுக்கு, குறுக்கு. இது நெசவுத் தையல். இதன் முடிவில் ஊடை ஜோடி பாவு ஜோடியைக் கடந்து மறுபக்கம் போயிருக்கும். கடந்த ஜோடியை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு அடுத்த பாவு ஜோடியை எடுங்கள். ஆறையும் கடந்ததும் ஊடை ஜோடியை மட்டும் இரண்டு முறை முறுக்கி, ஊடைக்கும் கடைசிப் பாவுக்கும் நடுவே வலது ஓரத்துப் புள்ளியில் ஊசி குத்துங்கள். ஊடை ஊசியை வெளியே சுற்றிக்கொண்டு திரும்பும். அந்த இரண்டு முறுக்கு இல்லாவிட்டால் ஓரத்தில் இரண்டு நூலும் பிரிந்து தளர்ந்து நிற்கும். ஊசியின் தலை சற்று வெளிப்பக்கமாகவும் பின்னாலும் சாய்ந்திருக்கட்டும். உட்பக்கம் சாய்ந்த ஊசியிலிருந்து நூல் மேலேறி நழுவும்.

இறுக்கம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். ஊசி குத்தியதும் ஊடையை மட்டும் இழுத்தால் பாவு நூல்கள் நடுவே ஒடுங்கும், பட்டைக்கு இடுப்பு விழும். பாவை இழுக்காமல் விட்டால் முன்பக்கம் ஒன்றும் தெரியாது, பட்டையை எடுத்துத் திருப்பினால் சிறு சிறு கண்ணிகள் துருத்தி நிற்கும். சரியான வரிசை இது: ஊசி, பிறகு ஊடையை ஊசிக்கு எதிராக மெதுவாக இழுத்தல், பிறகு பாவு ஜோடிகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி நீவி நேராக்குதல். பின்னால் உள்ள ஊசிகளை அவசரமாக எடுக்கவும் கூடாது. குறைந்தது 6 செ.மீ. நீளத்துக்கு ஊசிகள் நிற்க வேண்டும். நூல் தன் இடத்தை ஏற்றுக்கொள்ள நேரம் தேவை.

பிழை எப்படித் தெரியும்? நெசவுப் பரப்பில் எந்த நூலும் ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று போகும். ஒரு நூல் இரண்டைத் தாண்டி மேலே கிடந்தால் அங்கே குறுக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது முறுக்கை விட்டுவிட்டீர்கள். வரிசை முடிவில் ஜோடி பிரிந்து ஒற்றை நூல் மிஞ்சினாலும் அதேதான். திருத்த வழி, வந்த வழியே திரும்புவது. குறுக்கை அவிழ்க்க 3ஐ 2இன் மேலாக, அதாவது வலதை இடதின் மேலாக எடுங்கள். முறுக்கை அவிழ்க்க ஒவ்வொரு ஜோடியிலும் இடதை வலதின் மேலாக. கத்தரிக்கோல் வேண்டாம். நூலுக்குச் சேதமில்லை. பத்து வரிசை பின்னால் கண்ட பிழையையும் இப்படிப் போய்த் திருத்திவிட்டு வரலாம்.

நூல் அறுந்தால் பயப்பட வேண்டாம். பாபின் ஒரே திசையில் உருண்டு உருண்டு நூலின் முறுக்கு பிரிந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். புது நூலை 2 செ.மீ. மேலே ஒரு ஊசியில் கட்டி, பழைய நூலோடு சேர்த்து இரட்டையாகச் சில வரிசை பின்னி, பழையதைத் தலையணையின் பின்பக்கம் தள்ளிவிட்டால் போதும். பட்டையை எடுத்த பிறகு முனைகளை ஒட்ட வெட்டிவிடலாம். ஊடையில் முடிச்சுப் போடாதீர்கள். அது ஒவ்வொரு பாவிலும் இடறும்.

வியர்க்கும் கை என்றால் அருகில் ஈரம் உறிஞ்சும் துணி வைத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாதபோது தலையணையை மூடிவையுங்கள். வெள்ளை லேஸை முடித்த பிறகு வெளுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பின்னும்போதே சுத்தமாக வைத்திருப்பதுதான் வழி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 30 செ.மீ. பட்டையில் ஓரத்துக்கு 75 ஊசி, 150 வரிசை. வரிசைக்கு 6 தையல் என்றால் 900 தையல், 2,700 அசைவு. முதல் நூறு தையலுக்கு வாய் குறுக்கு, முறுக்கு என்று முணுமுணுக்கும். எங்கோ நடுவில் அது நின்றுவிடும். கை தானே போகும், கண் துணியைப் பார்க்கத் தொடங்கும். ஒரு நூல் இடம் தவறினால் காரணம் தெரிவதற்கு முன்பே கை நிற்கும். இதைக் கடந்தவர்கள்தான் நிற்கிறவர்கள். அவர்களுக்குக் கிடைப்பதைப் பொறுமை என்று சொல்வது சரியல்ல. தன் கையைத் தான் நம்ப முடியும் என்ற உறுதி அது. பிழை செய்தால் எங்கே செய்தோம் என்று நூலே காட்டுகிறது, திரும்பிப் போனால் ஏற்றுக்கொள்கிறது. வேறு எத்தனை வேலைகளில் இது கிடைக்கும்?

இரண்டாவது காரணம், வெறும் இரண்டு அசைவுக்குள் கிடக்கும் பரப்பு. அதே 7 ஜோடி, அதே அட்டை. கடைசிக் குறுக்கை மட்டும் விட்டுவிடுங்கள்: குறுக்கு, முறுக்கு. இது அரைத் தையல். துணி போய், நூல்கள் சாய்வாக ஓடும் ஒரு வலை வந்துவிடும். இதில் ஊடையாகக் குறுக்கே போவது ஒற்றை நூல்தான். ஓரத்தில் கூடுதலாக ஒரு முறுக்குப் போட்டால் அதே நூல் திரும்பி வரும், இரண்டு போட்டால் அதன் இணை ஊடையாகும். இதை முதல்முறை கண்டுபிடிக்கிறவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். ஒரு குறுக்கை விட்டதில் ஒரு துணியின் குணமே மாறுகிறது.

மூன்றாவது, மொழி தடையாக இல்லை. ப்ரூஜ் நகரத்து லேஸ் வரைபடங்களின் வழியாகப் பரவிய ஒரு வண்ணக் குறியீடு உண்டு: ஊதா கோடு நெசவுத் தையல், பச்சை அரைத் தையல், சிவப்பு முறுக்கோடு முடியும் முழுத் தையல். ஒரு ஜோடிக்கு ஒரு கோடு. பிளெமிஷ் ஓர் எழுத்துத் தெரியாதவர் இடையன்குடியில் உட்கார்ந்து பெல்ஜிய மாதிரியைப் பின்னலாம். ஸ்லோவேனியாவின் இட்ரியா ஊரில் பாதரசச் சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வளர்த்த லேஸுக்கு 1876இல் தொடங்கிய பள்ளி இன்றும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டு வரலாறு உள்ள நாகர்கோவிலிலும் அப்படி ஒரு பள்ளி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

இரண்டு பட்டையும் முடித்தவர்கள் அடுத்து டோர்ஷோன் என்ற வகை லேஸின் வலைக்குப் போகலாம். கிராஃப் தாளில் ஒன்று விட்டு ஒரு சந்திப்பில் புள்ளி, வரிசைக்கு வரிசை மாற்றி. வேலை 45 பாகைச் சாய்வில் இறங்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் இடமிருந்து ஒரு ஜோடி, வலமிருந்து ஒரு ஜோடி: குறுக்கு, முறுக்கு, ஊசி, குறுக்கு, முறுக்கு. அது கைவந்ததும் நடுவே சிலந்தி என்ற ஒரு உருவத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் மும்மூன்று ஜோடி, ஒவ்வொன்றையும் மூன்று முறை முறுக்கி, ஒரு பக்கத்து ஜோடிகள் மறுபக்கத்து ஜோடிகள் ஒவ்வொன்றையும் நெசவுத் தையலில் கடக்க வேண்டும். நடுவில் ஊசி, மறுபடி அதே கடப்பு, மறுபடி மூன்று முறுக்கு. நடு ஊசி குத்தியதும் ஆறு ஜோடியையும் நன்றாக இழுத்து இறுக்க மறந்தால் சிலந்தியின் உடல் உப்பிக் குழைந்துவிடும்.